பாலாற்றுக் கிணறுகளில் வலை போட்ட அனுபவம்

வேலூர்ப் பக்கம் நிலத்தடி நீர் என்று பேச்சு எடுத்தால் மூன்று கேள்விகள்தான் வரும். எத்தனை அடியில் தண்ணீர் வந்தது? நல்ல தண்ணீரா, உப்பா? தோல் பதனிடும் ஷாப்புக் கழிவுத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா? மூன்றும் நியாயமான கேள்விகள். நான் சில வருடங்களாக நாலாவதாக ஒன்றைக் கேட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறேன்: இந்தத் தண்ணீருக்குள் எந்தெந்த விலங்குகள் குடியிருக்கின்றன?

நான் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். பாலாற்றங்கரைதான் ஊர். நிலத்துக்கு அடியில், மணல்துகள்களுக்கு நடுவிலும் பாறை வெடிப்புகளிலும் நிற்கும் நீரில் இறால், நண்டு வகையறாவின் மிகச் சிறிய உறவுக்காரர்கள் வாழ்கிறார்கள். கண் கிடையாது, நிறம் கிடையாது. வெளிச்சமே வராத இடத்தில் இரண்டுக்கும் தேவையில்லை. பெரும்பாலானவற்றுக்கு உடல் நீண்டு மெலிந்து இருக்கும். துகள்களுக்கு இடையே நுழைந்து போக அந்த உடல்தான் சரி. கோப்பிபாட் என்ற கூட்டத்தில் பாராஸ்டெனோகாரிஸ் போன்றவை அரை மில்லிமீட்டர்கூட வராது. பாத்தினெல்லா என்ற இன்னொரு கூட்டத்தின் வகைகள் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும், சில கூடுதலாகவும் வளரும். சமையலறை ரவையில் ஒரு துணுக்கை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அளவு புரியும்.

இவற்றைப் பற்றிய அறிவு கிணற்றிலிருந்துதான் தொடங்கியது. 1882-இல் வெய்டோவ்ஸ்கி என்ற செக் விலங்கியலாளர் பிராக் நகரத்துக் கிணற்று நீரில் கிடைத்த பாத்தினெல்லா நாட்டன்ஸ் என்ற உயிரை விவரித்து எழுதினார். நமக்குப் பக்கத்தில் பெரிய வேலை நடந்தது ஆந்திராவில். குண்டூரில் உள்ள ஆச்சார்ய நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒய். ரங்கா ரெட்டியும் அவரோடு சேர்ந்தவர்களும் கிருஷ்ணா, கோதாவரி கரைகளின் மணலிலும் கிணறுகளிலும் அடிபம்புகளிலும் தேடி ஏராளமான புதிய சிற்றினங்களை வெளியிட்டார்கள். அவற்றில் ஹாப்ரோபாத்தினெல்லா என்ற பேரினம் முதலில் மடகாஸ்கரில் இருந்து அறியப்பட்டது. அப்புறம் அதன் சிற்றினங்கள் இந்தியாவில் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. இந்த விலங்குகளுக்குக் கடலைக் கடக்க வழியே இல்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு நீரில் மிதந்து போகும் பருவம் இல்லாதது. பெரியதும் மணலுக்குள் ஊர்ந்தே காலம் தள்ளும். இந்தியாவும் மடகாஸ்கரும் கோண்டுவானா என்ற ஒரே நிலப்பரப்பாக இருந்த காலத்தின் அடையாளமாகத்தான் ஆய்வாளர்கள் இதைப் பார்க்கிறார்கள்.

கிருஷ்ணாவில் இருப்பது பாலாற்றில் ஏன் இருக்கக் கூடாது? நந்தி மலையில் பிறந்து, கர்நாடகத்திலும் ஆந்திராவிலும் ஓடி, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டுக்குள் நுழையும் ஆறு இது. வருடத்தில் பெரும்பகுதி மேலே மணல்தான் தெரியும். ஆனால் அந்த மணலுக்கு அடியில் நீர் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. கோடையில் ஆற்றில் ஊற்று தோண்டித்தான் எங்கள் பாட்டிமார் குடிக்க எடுத்தார்கள். அந்த ஊற்றுதான் என் முதல் ஆய்வுக் கருவி. ஆற்றோர மணலில் குழி தோண்டி, ஊறி வரும் நீரை மொண்டு வலையில் வடிகட்டும் முறையைக் கரமான், சப்புயி என்ற இரண்டு ஐரோப்பிய ஆய்வாளர்களின் பெயரால் உலகம் முழுக்கக் குறிப்பிடுகிறார்கள். பாலாற்றுக் குழந்தைகளுக்கு அது விளையாட்டு.

ஊற்று தோண்டுவதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதலில் சுரக்கும் கலங்கல் நீரைக் கொட்டிவிடத் தோன்றும். குடிக்க எடுப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். நமக்கோ அந்தக் கலங்கல்தான் வேண்டும். மணலோடு சேர்ந்து பெயர்ந்து வரும் உயிர்கள் முதல் சில மொண்டல்களிலேயே வந்துவிடும். குழியின் ஓரத்தை உள்நோக்கிக் கையால் சரித்துவிட்டு, கலக்கி, உடனே மொண்டு வலையில் ஊற்ற வேண்டும். தெளிந்த பிறகு எத்தனை பக்கெட் மொண்டாலும் வலையில் ஒன்றும் நிற்காது.

கிணற்றுக்கு வேறு வலை. கூம்பு வடிவில் தைத்து, மேலே கம்பி வளையமும் கீழே சின்ன பாட்டிலும் எடைக்கு ஒரு ஈயக்குண்டும் கட்டியது. துணியின் கண் அறுபது மைக்ரான் அளவில் இருக்க வேண்டும். சாதாரணக் கொசுவலையில் இவை நழுவிப் போய்விடும். போல்டிங் துணி என்று கேட்டால் அறிவியல் சாமான் கடைகளில் கிடைக்கிறது. திரைப்படிவ அச்சுக்கு, அதாவது ஸ்கிரீன் பிரிண்டிங்குக்கு விற்கும் நைலான் துணியிலும் நெருக்கமான கண் உள்ளது உண்டு, விலையும் குறைவு. வலையைக் கிணற்றின் அடிவரை இறக்கி, தரையில் தொட்டுத் தொட்டு நாலைந்து முறை குலுக்க வேண்டும். அடிச்சேறு கிளம்பும். அப்புறம் சீராக மேலே இழுக்க வேண்டும். ஒரு கிணற்றில் இப்படிப் பத்து முறையாவது செய்யாமல் நகரக் கூடாது. நிலத்தடி விலங்குகள் கூட்டமாக இருப்பவை இல்லை. ஒன்றிரண்டு கிடைத்தாலே நல்ல கிணறு என்று சொல்வேன்.

எந்தக் கிணற்றைத் தேர்ந்தெடுப்பது? இதில்தான் எனக்கு அனுபவம் அதிகம் சேர்ந்தது. வயல்காட்டில் கல்கட்டுப் போட்ட பழைய தரைக்கிணறு, ஆற்றோரத்து உறைக்கிணறு, ஊர்ப்பொதுக் கிணறு என்று எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்தேன். போனவுடன் கிணற்றுக்காரரிடம் மூன்று விஷயம் கேட்டுவிடுவேன். பிளீச்சிங் பவுடர் கடைசியாக எப்போது போட்டார்கள்? கொசுவுக்காக மீன் விட்டிருக்கிறார்களா? மோட்டார் தினமும் எவ்வளவு நேரம் ஓடுகிறது? பிளீச்சிங் போட்ட கிணற்றில் கொஞ்ச நாளைக்குத் தேடிப் பயனில்லை. கம்பூசியா, கப்பி மீன்கள் இருந்தால் அடியில் அசைவதை எல்லாம் தின்று வைத்திருக்கும். மோட்டார் நன்றாக இறைக்கிற கிணறு எனக்குப் பிடிக்கும். இறைக்க இறைக்கச் சுற்றுப் பாறையிலிருந்தும் மணலிலிருந்தும் புதுநீர் வரும், அதோடு விலங்குகளும் வந்து விழும். இறைத்து முடித்த அடுத்த நாள் காலை, ஊறி வந்த நீர் அடியில் கொஞ்சமாக நிற்கும்போது போனால் நல்லது. போர் என்றால் வலை இறங்காது. குழாய் வாயில் வலையைக் கட்டி, மோட்டாரைப் போட்டு வடிகட்டலாம். பம்பின் சக்கரத்தில் அடிபட்டுத் துண்டாக வரும். துண்டு இருந்தால், அந்த நீரில் உயிர் உண்டு என்ற தகவலாவது கிடைக்கும். விவரித்து எழுத அது உதவாது. அடிபம்பு கொஞ்சம் பரவாயில்லை.

ஒரு எச்சரிக்கை. கிணற்றுக்குள் இறங்காதீர்கள். மூடிக் கிடந்த கிணற்றில் விஷவாயு நிற்கும். தூர் வாரப் போய் மூச்சுத் திணறி இறந்தவர்கள் பற்றிய செய்தி நம் மாவட்டத்துக்குப் புதிதில்லை. வலை மட்டும் இறங்கட்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் வயல்காட்டில் நிறைய உண்டு. ஒருவர் கயிறு பிடிக்க, இன்னொருவர் அவரைக் கவனித்துக்கொண்டு நிற்க வேண்டும். கல் இடுக்கில் கதண்டு கூடு கட்டியிருந்தால் அந்தக் கிணற்றை விட்டுவிடுவது உத்தமம்.

கிணறு வைத்திருப்பவர்களோடு பேசுவது இந்த வேலையில் பாதி. பள்ளிகொண்டாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் கயிற்றைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னா மேடம், எங்க கெணத்துல மீனே இல்ல. வலை வுடுறீங்க?"

"மீனுக்கு இல்லீங்க ஐயா. கண்ணுக்குச் சரியாத் தெரியாத சின்ன சின்னப் பூச்சி இருக்குதான்னு பாக்குறோம்."

"பூச்சியா? அப்போ இந்தத் தண்ணிய நாங்க குடிக்கலாமா, கூடாதா?"

இந்தக் கேள்வி எல்லா ஊரிலும் வரும். அதற்கு நேர்மையான பதில் தயாராக இல்லாமல் வலையோடு யார் வீட்டுக் கிணற்றடிக்கும் போகக் கூடாது. இந்த நிலத்தடி விலங்குகள் நோய் தருபவை இல்லை. அதே சமயம், அவை இருப்பதால் மட்டும் தண்ணீர் குடிக்க உகந்தது என்றும் சொல்ல முடியாது. குடிநீர்ப் பரிசோதனை வேறு வேலை. வயதானவர்கள் சிலர் நரம்புச் சிலந்தி நோயை, அதாவது கினிப்புழு நோயை நினைவுபடுத்துவார்கள். அந்தப் புழுவைச் சுமந்தது சைக்ளாப்ஸ் என்ற மேல்நீர்க் கோப்பிபாட் வகைகள் என்பது உண்மைதான். குளம், படிக்கிணறு மாதிரி ஆட்கள் இறங்கி நிற்கும் திறந்த நீர்நிலைகளில் அது பரவியது. இந்தியாவில் அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று 2000-இல் உலகச் சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இதையெல்லாம் பொறுமையாகச் சொல்வேன். அப்புறம் வெள்ளைத் தட்டில் நீரை ஊற்றி, கையில் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். பெரியவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். "வெள்ளையா நெளியுது, பாருங்க. கண்ணே இல்லியா இதுக்கு?" என்றார். அன்று மாலைக்குள் தன் மச்சான் கிணறு, சம்பந்தி கிணறு என்று அவரே எங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றினார். எந்தக் கிணறு எப்போது வெட்டியது, எந்தப் பஞ்சத்தில் வற்றியது, எத்தனையாவது அடியில் பாறை தட்டியது என்று அவர் சொன்ன விவரம் எந்த வரைபடத்திலும் கிடைக்காது. அத்தனையையும் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இப்போது நாங்கள் எழுதியிருக்கும் ஆய்வுக் கட்டுரையில் வாழிடம் பற்றிய பத்தி அந்தக் குறிப்பிலிருந்து வந்ததுதான்.

வலையில் வந்ததைப் பாதுகாப்பதில் நம் ஊர் வெயிலுக்குத் தனிக் கவனம் வேண்டும். சித்திரை, வைகாசியில் வண்டியில் பாட்டிலை வைத்துவிட்டு இன்னொரு கிணற்றுக்குப் போய் வந்தால் உள்ளே எல்லாம் வெந்துவிடும். தெர்மோகோல் பெட்டியில் ஐஸ் போட்டு எடுத்துப் போகிறேன். ஒவ்வொரு கிணற்று மாதிரியையும் அங்கேயே இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஒன்றில் நாலு சதவீத ஃபார்மலின். உடலமைப்பு குலையாமல் நிற்கும். இன்னொன்றில் தண்ணீரை நன்றாக வடித்துவிட்டுத் தூய ஆல்கஹால். டிஎன்ஏ பார்க்க அதுதான் வேண்டும், ஃபார்மலினில் போட்டதில் டிஎன்ஏ எடுப்பது பெரும்பாடு. மறுநாள் அந்த ஆல்கஹாலைக் கொட்டிவிட்டுப் புதிதாக மாற்றி, ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். ஆல்கஹாலை நாங்கள் கல்லூரி ஆய்வகம் வழியாகத்தான் வாங்குகிறோம்.

அடையாளச் சீட்டைப் பென்சிலால் தடித்த தாளில் எழுதிப் பாட்டிலுக்கு உள்ளே போடுங்கள். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும், வெளியே ஒட்டிய சீட்டு உரிந்துவிடும். சீட்டில் ஊர்ப் பெயரோடு ஜிபிஎஸ் அளவும் கட்டாயம் வேண்டும். எங்கள் மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வட ஆற்காடு என்று இருந்தது 1989-இல் இரண்டாகப் பிரிந்தது. அப்புறம் வேலூர் மாவட்டம் என்ற பெயர் வந்தது. 2019-இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. வெறுமனே "வட ஆற்காடு" என்று எழுதிய பழைய சீட்டு ஒன்று கையில் கிடைத்தால், அந்த உயிர் திருவண்ணாமலைப் பக்கத்ததா, வாணியம்பாடிப் பக்கத்ததா என்று யாரால் சொல்ல முடியும்? நிலத்தடி விலங்கில் அந்த வித்தியாசம் பெரியது. ஒரு சிற்றினம் ஒரே ஆற்றுப் படுகையோடு நின்றுவிடுவது இவற்றில் வழக்கம்.

இனி மேசை வேலை. புதிய சிற்றினத்தைக் கண்டுபிடிப்பது என்றால் கிணற்றடியில் நடக்கும் காரியம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். கிணற்றடியில் கிடைப்பது ஒரு வெள்ளைத் துணுக்கு. அது புதியது என்று தெரிவதற்கு மேசையில் மாதக்கணக்காக உட்கார வேண்டியிருக்கும்.

முதலில் பிரிக்க வேண்டும். திறந்த கிணற்றில் மேல்நீர் உயிர்களும் நிறைய வரும். மீசோசைக்ளாப்ஸ், தெர்மோசைக்ளாப்ஸ் போன்றவற்றுக்குத் தலை நடுவில் ஒற்றைக் கண் தெரியும், உடலில் நிறம் இருக்கும், துள்ளி நீந்தும். கண் இல்லாமல், வெளுத்து, புழு மாதிரி நெளிந்து அடியிலேயே கிடப்பவைதான் நமக்கு. சேறு அதிகம் இருந்தால் ரோஸ் பெங்கால் சாயத்தில் ஒரு சொட்டு விட்டால் உயிர்கள் சிவந்து தெரியும். ஆனால் விவரிக்க வைத்திருக்கும் நல்ல மாதிரிகளைச் சாயம் போடாமல் தனியே எடுத்துவிடுவேன்.

அடுத்தது முதிர்ந்ததா, குஞ்சா என்ற கேள்வி. என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். கோப்பிபாட் ஒன்று நாப்ளியஸ் என்ற இளம்பருவத்தில் ஆறு நிலை, அதன்பின் கோப்பிபோடிட் என்ற அடுத்த பருவத்தில் ஐந்து நிலை என்று தாண்டித்தான் முதிர்கிறது. ஒவ்வொரு நிலையிலும் கால்களின் கணு எண்ணிக்கை, முள்ளெண்ணிக்கை வேறு. முதிராததை வைத்துப் பார்த்தால் எல்லாமே புதிய சிற்றினம் மாதிரிதான் தோன்றும். பாத்தினெல்லாவிலும் அப்படியே, கால்கள் ஒவ்வொன்றாகத்தான் முளைக்கும். பாராஸ்டெனோகாரிஸ் குடும்பத்தில் ஆணின் மூன்றாவது கால் ஒரு பிடிகருவியாக மாறியிருக்கும். சிற்றினத்தைச் சிற்றினத்திலிருந்து பிரித்துக் காட்டுவதில் அந்தக் காலுக்குப் பெரும் பங்கு உண்டு. பாத்தினெல்லாவில் ஆணின் எட்டாவது மார்புக்கால் அதே வேலையைச் செய்கிறது. ஆகவே முதிர்ந்த ஆண் கையில் இல்லாமல் எழுத உட்காராதீர்கள். பெண் மட்டும் கிடைத்தால் அதே கிணற்றுக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். மழைக்கு முன், மழைக்குப் பின், அறுவடைக்குப் பின் என்று ஒரே கிணற்றை வருடம் முழுக்கப் பார்ப்பது, ஐம்பது கிணற்றை ஒருமுறை பார்ப்பதைவிட எனக்கு அதிகம் கொடுத்திருக்கிறது.

பிறகு அறுவை. அரை மில்லிமீட்டர் உடலிலிருந்து உணர்கொம்பு, தாடை உறுப்புகள், ஒவ்வொரு கால் என்று ஒன்றுவிடாமல் பிரித்து எடுத்துக் கண்ணாடித் தகட்டில் கிளிசரின் துளியில் வைக்க வேண்டும். ஊசியை நாமே செய்துகொள்ளலாம். டங்ஸ்டன் கம்பியைக் காஸ்டிக் சோடா கரைசலில் நனைத்துக் குறைந்த மின்னழுத்தத்தில் மின்சாரம் விட்டால் நுனி கரைந்து கூராகும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, தெரிந்தவர் பக்கத்தில் இருக்கச் செய்ய வேண்டிய வேலை. அறுக்கும்போது மின்விசிறி ஓடக் கூடாது. வேலூர் மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு உட்காருவது சாதாரணமில்லை என்பதால் விடிகாலை நாலு மணிக்கு எழுந்து ஏழுக்குள் முடித்துக்கொள்ளும் பழக்கம் வந்தது. ஊர் அடங்கியிருக்கும், லாரி அதிர்வும் குறைவு. கண்ணாடி மூடியின் ஓரத்தை நகப்பூச்சால் அடைத்தால் போதும், கிளிசரின் ஒழுகாது.

வரைவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று போன் கேமராவை நுண்ணோக்கியில் வைத்துப் படம் பிடித்துவிடலாம். அது நினைவுக்கு உதவும், ஆனால் வகைப்பாட்டுக்கு இன்னும் கோட்டுப் படம்தான் ஆதாரம். நுண்ணோக்கியில் வரைகுழாய் பொருத்தினால் உறுப்பும் நம் பென்சில் முனையும் ஒன்றாகத் தெரியும். அதன் மேலேயே வரைந்துகொண்டு போகலாம். ஒரு காலை வரைய ஃபோகஸை மேலும் கீழும் நகர்த்தி எந்த மயிர் முன்புறத்தில் இருக்கிறது, எது பின்புறத்தில் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். முள்ளை ரோமன் எண்ணிலும் மயிரைச் சாதாரண எண்ணிலும் எழுதி ஒவ்வொரு காலுக்கும் ஒரு சூத்திரம் போடுவது கோப்பிபாட் ஆய்வில் வழக்கம். அந்தச் சூத்திரம் எழுதுவதற்காக எண்ணும்போதுதான், இதுவரை நன்றாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்த காலில் பார்க்காத ஒன்று தெரியவரும். வரையும் கை பார்க்கக் கற்றுக்கொடுக்கிறது. என் மாணவர்கள் எல்லோரையும் முதல் பருவத்தில் தெரிந்த ஒரு சாதாரண சைக்ளாப்ஸை முழுதாக வரைய வைக்கிறேன். அதை முடித்தவர்கள்தான் கிணற்றுக்கு வருவார்கள்.

வரைந்ததை இதுவரை உலகில் விவரிக்கப்பட்ட எல்லா நெருங்கிய சிற்றினங்களோடும் ஒப்பிட வேண்டும். பழைய கட்டுரைகள் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருக்கும். நிறைய, உயிரினப் பன்மைப் பாரம்பரிய நூலகம் என்ற இணைய நூலகத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. மொழிபெயர்ப்புக் கருவி இப்போது கைகொடுக்கிறது. உறுப்புகளின் பெயர்களை மட்டும் நாமே ஒரு பட்டியலாகப் படித்து வைத்துக்கொள்ள வேண்டும், அதில்தான் கருவி தடுமாறும். அந்தக் குழுவில் பழகிய நிபுணருக்குப் படங்களை அனுப்பிக் கேளுங்கள். என் அனுபவத்தில், முழுமையான படத்தோடு போன கடிதத்துக்குப் பதில் வராமல் இருந்ததில்லை. மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு மட்டும் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்ட விதிமுறைகள் உண்டு. முதலில் அதைப் படித்துவிடுங்கள். அந்தச் சட்டத்துக்கான தேசிய ஆணையத்தின் அலுவலகம் நம் சென்னையிலேயே இருக்கிறது.

பெயர் வைப்பதும் வெளியிடுவதும் விதிமுறை சார்ந்தவை, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விலங்குப் பெயர்கள் லின்னேயஸ் எழுதிய சிஸ்டமா நேச்சுரே நூலின் 1758-ஆம் வருடப் பதிப்பிலிருந்து கணக்கு. இப்போது நடைமுறையில் உள்ள விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு நாலாம் பதிப்பு, 2000-இல் இருந்து செல்லும். இணையத்தில் மட்டும் வெளியாகும் கட்டுரை செல்ல வேண்டுமானால் அது விலங்குப் பெயர்களுக்கான ஜூபேங்க் என்ற இணையப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும் என்று 2012-இல் திருத்தம் வந்தது. ஒரு மாதிரியை ஹோலோடைப், அதாவது அந்தப் பெயருக்கான மூல மாதிரி என்று குறித்து, பொது அருங்காட்சியகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். நம் நாட்டில் புதிய உயிரினம் கண்டுபிடிப்பவர் அதற்கென்று அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து மாதிரியையும் ஒப்படைக்க வேண்டும் என்று 2002-ஆம் வருட உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-ஆவது பிரிவே சொல்கிறது. 1916-இல் தொடங்கிய இந்திய விலங்கியல் ஆய்வகத்துக்குத் தலைமை கொல்கத்தாவில், தென்மண்டல மையம் சென்னையில். வீட்டு அலமாரியில் பாட்டிலை வைத்துக்கொண்டு புதிய சிற்றினம் என்று சொல்வதில் பொருளில்லை. நாளை ஒருவர் வந்து சரிபார்க்க அது பொது இடத்தில் இருக்க வேண்டும்.

எங்களிடம் இப்போது இருப்பது ஆற்றோரத்து உறைக்கிணறு ஒன்றிலிருந்து கிடைத்த ஒரு பாத்தினெல்லா. ஆணும் பெண்ணும் இருக்கின்றன. ஆணின் எட்டாவது காலும் வால்பக்கத்து முட்களின் அமைப்பும் நாங்கள் ஒப்பிட்ட எதோடும் பொருந்தவில்லை. கட்டுரை நிபுணர் பார்வையில் இருக்கிறது. அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறோம் என்று ஊரில் கேட்கிறார்கள், கிணற்றுக்காரர் குடும்பம் கேட்கிறது. சொல்வதில்லை. முறைப்படி வெளியாகும் முன் பெயர் வெளியே சுற்றினால் செல்லாத பெயராகத் திரிந்து பின்னால் வருபவர்களுக்குக் குழப்பம் தரும். வெளியானதும் கட்டுரையின் அச்சுப் பிரதியை முதலில் அந்த வீட்டுக்குத்தான் கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன்.

இந்த வேலையில் எனக்கு இருக்கும் அவசரத்தையும் சொல்ல வேண்டும். 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் தீர்ப்பு சொன்னபோது, தோல் ஆலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனதைக் குறிப்பிட்டது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நாட்டுச் சட்டத்தின் பகுதிதான் என்று உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. நிலம் அளக்கப்பட்டது, கிணற்று நீரில் உப்பும் குரோமியமும் அளக்கப்பட்டன. அந்த நீரில் குடியிருந்தவற்றைப் பற்றி எழுத ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் அதற்கு முன்பு யாரும் பட்டியல் எடுத்திருக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கிணறுகளிலும் நான் வலை போட்டிருக்கிறேன். வெறும் வலைதான் வந்தது. கழிவால் அழிந்தனவா, அந்தக் கிணறுகளில் முதலிலிருந்தே இல்லையா என்று அந்த வெறும் வலையை வைத்துச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஒப்பிட முன்னோர் எடுத்த கணக்கு இருந்தால்தானே சொல்ல முடியும்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்தே வரும். மேற்கு ஆஸ்திரேலியாவில் சுரங்கத் திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கும் முன் நிலத்தடி நீரின் விலங்குகளையும் கணக்கெடுக்கச் சொல்கிறார்கள். இங்கே அப்படிக் கேட்பதற்கே முதலில் பெயர்ப் பட்டியல் வேண்டும். பெயர் இல்லாத உயிருக்காக எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது?

மணல் போன இடங்களும் உண்டு. பாலாற்றில் பல இடத்தில் மணல் எடுத்து எடுத்து அடிக்களிமண் தெரிகிறது. களிமண்ணில் இடுக்கு இல்லை, ஆகவே இந்த விலங்குகளுக்கு வீடும் இல்லை. மணலை நீர் தேக்கும் பஞ்சாக மட்டும் கணக்குப் போட்டு எத்தனை அடி போயிற்று என்று பேசுகிறோம். அது வாழிடம் என்ற கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்து பொன்னை ஆற்றுப் பக்கம், திருவலம் சுற்றிலும் பார்க்கப் போகிறோம். பாலாற்றில் வந்து சேரும் ஆறுதான், ஆனால் அதன் மணலில் இருப்பது இதே சிற்றினம்தானா, உறவான வேறொன்றா என்பது தெரிய வேண்டும். அங்கே கிணறு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தூர் வாரப் போகிறீர்கள், அல்லது கிணற்றை மூடப் போகிறீர்கள் என்றால் பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறைக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். தூர் வாரும் ஆட்கள் மேலே அனுப்பும் முதல் இரண்டு கூடைச் சேற்றை வெயிலில் கொட்டாமல், கிணற்றுத் தண்ணீரோடு ஒரு பக்கெட்டில் போட்டு நிழலில் மூடி வையுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்ற வேண்டாம், அதில் குளோரின் இருக்கும். ஒரு ராத்திரி தாங்கும். காலையில் வலையோடு யாராவது வந்துவிடுவோம்.